புதுப்பூவும் விளக்கும் கொண்டு வீட்டை அலங்கரித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிச்சயதார்த்தம், வளைகாப்பு, புதுமனைப் புகுவிழா, கார்த்திகை, நவராத்திரி என்று வீட்டுக்குள்ளேயே நடக்கும் நிகழ்ச்சிகளுக்கு, அலங்காரக்காரரை அமர்த்தாமல் வீட்டார் தம் கையாலேயே பூவும் விளக்கும் வைக்க விரும்பும்போது எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. விசேஷம் ஏதுமில்லாத ஒரு வெள்ளிக்கிழமை மாலைக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும்.

பூவை முதலில் வாங்குவதா, விளக்கின் இடத்தை முதலில் முடிவு செய்வதா?

விளக்கின் இடத்தைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். பூவை எங்கு வேண்டுமானாலும் நகர்த்திக்கொள்ளலாம். எரியும் சுடரை அப்படி நகர்த்த முடியாது. மின்விசிறிக் காற்று படாத, திரைச்சீலைக்கும் நடமாடும் வழிக்கும் விலகிய, குழந்தையின் கைக்கு எட்டாத இடம் ஒரு கூடத்தில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடித்து, நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் இருட்டியபின் டியூப் லைட்டை அணைத்துவிட்டு, அங்கே ஒரு விளக்கை ஏற்றிப் பாருங்கள். அதன் ஒளி எதுவரை விழுகிறதோ அதுவரைதான் பூவுக்கு வேலை உண்டு. அந்த எல்லைக்கு வெளியே கொட்டும் பூ, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும், இரவில் யார் கண்ணிலும் படாது.

பூவும் விளக்கும் மாலைப் பொழுதில் ஒன்றாகச் சேர்வது தமிழ் வீடுகளில் மிகப் பழைய வழக்கம். கூதிர்க்கால மழையில் கதிரவன் தெரியாத நாளில், பூந்தட்டில் இட்டு வைத்த பிச்சி அரும்பு அவிழ்ந்து மணம் பரப்பியதைக் கொண்டே பொழுது சாய்ந்ததை அறிந்த பெண்கள், இரும்பு விளக்கில் எண்ணெய் தோய்ந்த திரியைக் கொளுத்தி, நெல்லும் மலரும் தூவிக் கைதொழுததைச் சங்கப் பாடலான நெடுநல்வாடை சொல்கிறது. அரும்பாகப் பூவை வைத்து, அது அவிழும் நேரத்தில் விளக்கேற்றும் அந்த ஒழுங்கை இன்றைய வீட்டிலும் அப்படியே பின்பற்றலாம்.

விளக்கொளியில் எந்த நிறப் பூக்கள் எடுப்பாகத் தெரியும்?

எண்ணெய் விளக்கின் சுடரில் மஞ்சளும் சிவப்பும் மிகுதி, நீலம் மிகக் குறைவு. அதனால் பகலில் சந்தையில் அழகாகத் தெரிந்த ஊதா நிற வாடாமல்லியும் நீலச் சங்குப்பூவும் இரவில் விளக்கருகே கருத்துப்போய் மங்கலாகத் தெரியும். மஞ்சள் சாமந்தி, ஆரஞ்சு செண்டுமல்லி, கனகாம்பரம் ஆகியவை அதே ஒளியில் இன்னும் ஆழ்ந்த நிறம் பெறும். வெள்ளைப் பூக்களான மல்லிகை, முல்லை, சம்பங்கி, நந்தியாவட்டை ஆகியவை சுடரின் நிறத்தையே ஏற்று இளம்பொன்னாகத் தெரியும். மாலை நிகழ்ச்சி என்றால் வெள்ளைப் பூவை அடிப்படையாக வைத்துக்கொண்டு, மஞ்சளையோ ஆரஞ்சையோ ஒரு கோடாகச் சேர்ப்பது போதும் என்பதே எம் கருத்து. ஐந்தாறு நிறங்களைக் கலந்த கதம்ப அலங்காரம் பகல் வெளிச்சத்துக்கு உரியது.

இதழின் தன்மையையும் கவனிக்க வேண்டும். ரோஜாவின் இதழும் செம்பருத்தியின் இதழும் மெல்லியவை. விளக்குக்கு முன்னால், அதாவது பார்ப்பவருக்கும் சுடருக்கும் இடையில் அவற்றைச் சற்றுத் தாழ்த்தி வைத்தால் ஒளி இதழுக்குள் ஊடுருவிப் பூவே ஒளிர்வதாகத் தோன்றும். சாமந்தி இதழ்கள் அடுக்கடுக்காக இருப்பதால் ஒளியை விடாது. அதை விளக்குக்குப் பக்கவாட்டிலோ பின்னாலோ வைத்து, முன்பக்கம் ஒளி விழுமாறு செய்ய வேண்டும்.

மின்விளக்குகளை முழுவதும் அணைத்துவிட வேண்டுமா?

வேண்டியதில்லை, ஆனால் கூரையின் நடுவில் எரியும் வெள்ளை டியூப் லைட்டை அணைத்தே ஆக வேண்டும். நம் வீடுகளில் பரவலாக உள்ள எல்இடி குழல்கள் 6500 கெல்வின் நிறவெப்பம் கொண்டவை (இந்த எண் குறையக் குறைய ஒளி மஞ்சளாகும்). சுடரின் ஒளியோ ஏறத்தாழ 1900 கெல்வின். இரண்டும் ஒரே அறையில் எரிந்தால் சுடர் வெளிறிப்போகும், மல்லிகை நீலம் பாய்ந்து தெரியும். எல்இடி பெட்டியின் மேல் 2700 அல்லது 3000 கெல்வின் என்று அச்சிட்டிருக்கும் மஞ்சள் ஒளி பல்புகளை அறையின் மூலைகளில் கண்மட்டத்துக்குக் கீழே வைத்தால், விருந்தினர் முகமும் தெரியும், விளக்கின் ஒளியும் கெடாது. ஊசி பல்புச் சரங்களிலும் மஞ்சள் ஒளியையே தேர்ந்தெடுங்கள். விட்டுவிட்டு மின்னும் அமைப்பை நிறுத்திவிடுவது நல்லது. ஆடாமல் நிற்கும் சுடருக்குப் பக்கத்தில் அந்த மினுக்கம் கண்ணை இழுத்துக்கொண்டே இருக்கும்.

பூவை எப்போது வாங்க வேண்டும்? வாங்கியதை எப்படி வைத்திருப்பது?

இது பூவுக்குப் பூ மாறும். மல்லிகை அதிகாலையில் மொட்டாகப் பறிக்கப்பட்டு மாலையில் மலர்வது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கும் இதுதான் நியதி. ஆகவே மாலை நிகழ்ச்சிக்குக் காலையிலேயே மொட்டாக வாங்கிவிட வேண்டும். மாலை ஐந்து மணிக்கு மலர்ந்த மல்லிகையைத் தேடி வாங்கினால் இரவு உணவு முடியும் முன் அது பழுத்துப் பழுப்பேறிவிடும். வாங்கிய சரத்தை வாழையிலையில் சுருட்டி, அல்லது பிழிந்த ஈரத்துணியில் பொதிந்து, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாம். பிளாஸ்டிக் உறையில் நீர்த்துளியோடு கட்டி வைத்தால் பூ வெந்துபோகும். அதே பெட்டியில் பழுத்த வாழைப்பழமோ மாம்பழமோ ஆப்பிளோ இருக்கக் கூடாது. பழுக்கும் கனிகள் வெளிவிடும் எத்திலீன் வாயு பூக்களை விரைவில் முதிரச் செய்து உதிர்த்துவிடும். கூடத்தில் பழத்தட்டையும் பூ ஜாடியையும் ஒன்றாக வைப்பதைத் தவிர்ப்பதற்கும் இதுவே காரணம்.

சாமந்தியையும் செண்டுமல்லியையும் முந்தைய நாளே வாங்கலாம். சம்பங்கியைத் தண்டோடு வாங்கினால், அடியில் உள்ள இரண்டு பூக்கள் மலர்ந்து மற்றவை மொட்டாக இருக்கும் தண்டே சிறந்தது. கீழிருந்து மேலாக அது நாளுக்குச் சில பூக்களாக மலர்ந்துகொண்டு போகும். கனகாம்பரத்துக்கு மணம் கிடையாது, ஆனால் வெளியில் வைத்தாலும் இரண்டு நாள் நிற்கும். செம்பருத்தி ஒரே நாள் பூ. அதைத் தோட்டம் உள்ளவர்களுக்கு விட்டுவிடலாம்.

உருளியில் பூ மிதக்கவிடுவது எப்படி? சில வீடுகளில் அழகாக அமைவது எங்கள் வீட்டில் ஏன் அமைவதில்லை?

பெரும்பாலும் தண்ணீர் குறைவாக இருப்பதும், பூ அதிகமாக இருப்பதுமே காரணம். உருளியின் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வரை தண்ணீர் நிற்க வேண்டும். பாதி உருளி மட்டும் நிரப்பினால் பார்ப்பவருக்குப் பாத்திரத்தின் உட்சுவர்தான் தெரியும். தண்ணீர் ஊற்றியபின் கனமான உருளியைத் தூக்க முடியாது என்பதால், வைக்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டுச் சொம்பால் ஊற்றுங்கள். தண்ணீர் அசைவற்று நின்றபின் முதலில் விளிம்பை ஒட்டிச் செண்டுமல்லியையோ சாமந்தியையோ காம்பு கிள்ளி ஒரே வரிசையாகச் சுற்றி வைக்கவும். பூக்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் வரிசை கலையாது. அடுத்து உள்வரிசை ஒன்று, வேறு நிறத்தில், பூ இதழாகவோ முழுப் பூவாகவோ. நடுவில் பாதிக்கு மேல் தண்ணீர் வெறுமையாகத் தெரிய வேண்டும். அந்த வெறும் நீரில்தான் விளக்கின் சுடர் பிரதிபலிக்கும். அதை முழுவதும் பூவால் மூடிவிட்டால் உருளிக்குப் பதில் ஒரு தட்டே போதுமானதாக இருந்திருக்கும்.

நடுவில் தாமரை வைப்பதாக இருந்தால், கடையில் கிடைப்பது மொட்டுதான், அது தானாக விரியும் என்று காத்திருக்க வேண்டாம். வெளியிதழிலிருந்து தொடங்கி ஒவ்வோர் இதழையும் நுனியைப் பிடித்து உள்பக்கமாகப் பாதியாக மடித்துக் காம்புப் பக்கம் செருகிக்கொண்டே வந்தால், உள்ளே பொகுட்டும் (நடுவிலுள்ள விதைப்பகுதி) அதைச் சுற்றிய மஞ்சள் மகரந்தத் தாள்களும் வெளிப்படும். இதழை அழுத்திக் கீறினால் ஒரு மணி நேரத்தில் அந்தக் கோடு கருத்துவிடும். ஆகவே விரலின் சதைப்பகுதியால் மட்டும் மடிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. தேங்கிய நல்ல தண்ணீரில்தான் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. வெப்பமான நாட்களில் முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாட்களே போதும். அதன் முட்டைகள் நீர்மட்டத்தை ஒட்டிய உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, பாத்திரம் காய்ந்தபின்னும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியவை. எனவே தண்ணீரைக் கொட்டி வேறு தண்ணீர் ஊற்றுவது மட்டும் போதாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை உருளியின் உட்சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். அதற்கு நேரம் இல்லாத வீட்டில் நிகழ்ச்சி முடிந்ததும் உருளியைக் கவிழ்த்து வைத்துவிடுவதே முறை.

ஜாடியில் வைக்கும் ரோஜா, ஜெர்பெரா போன்றவை ஏன் ஒரே நாளில் தலைசாய்கின்றன?

தண்டின் வெட்டிய முனை அடைபடுவதால். சந்தையிலிருந்து வீட்டுக்கு வரும் நேரத்தில் தண்டுக்குள் காற்று நுழைந்துவிடும். பின்னர் தண்ணீரில் பெருகும் பாக்டீரியா மீதியை அடைத்துவிடும். வந்தவுடன் ஒரு வாளித் தண்ணீருக்குள் தண்டை அமிழ்த்தி, கூர்மையான கத்தியால் ஒரு அங்குலத்தைச் சாய்வாக வெட்டி, உடனே ஜாடிக்கு மாற்றுங்கள். தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளை எல்லாம் நீக்கிவிட வேண்டும். அவை அழுகித்தான் ஜாடி நாறுகிறது. நாள்தோறும் தண்ணீரை மாற்றி, மீண்டும் சிறிது வெட்டிவிட்டால் ஓசூர் ரோஜா நான்கைந்து நாள் நிற்கும். ஜெர்பெராவின் தண்டு மென்மயிர் உடையது, ஆழமான தண்ணீரில் அழுகிவிடும். அதற்கு மூன்று நான்கு விரல் ஆழம் போதும். சர்க்கரை போட்டால் நீடிக்கும் என்று சொல்வார்கள். கிருமியைக் கட்டுப்படுத்தாமல் சர்க்கரை மட்டும் போட்டால் அது பாக்டீரியாவுக்கே உணவாகும் என்பதால், தண்ணீரை மாற்றுவதையே நாங்கள் பரிந்துரைக்கிறோம்.

குத்துவிளக்குக்குப் பூச்சுற்றும் முறை என்ன?

குத்துவிளக்கு அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் அல்லது கொழுந்து எனத் தனித்தனியாக வார்த்துக் கடைந்து, திருகாணியால் பொருத்தப்படுவது. புவிசார் குறியீடு பெற்ற நாச்சியார்கோயில் விளக்குகளைப் பிரித்துப் பார்த்தால் இது விளங்கும். பூச்சுற்ற ஏற்ற இடம் தட்டுக்குக் கீழே உள்ள தண்டு. மேலிருந்து கீழாகச் சரத்தை நெருக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்து, நுனியை அடியில் உள்ள சுற்றுக்குள் செருகிவிட வேண்டும். தட்டின் விளிம்பிலிருந்து ஒரு சாண் இடைவெளி விடுவது நல்லது, ஏனெனில் திரி வழியாகக் கசியும் எண்ணெய் விளிம்பில் வழிந்து முதலில் நனைப்பது அந்தப் பூவைத்தான்.

உச்சியில் பூ வைப்பது வழக்கம்தான். ஒற்றைப் பூவாக, தொங்கல் இல்லாமல் வையுங்கள். ஐந்து முகமும் எரியும்போது மேலெழும் வெப்பத்தில் சரம் அரை மணி நேரத்தில் காய்ந்து, அதன் தொங்கும் முனை சுடரில் படக்கூடும். இப்போது பல கடைகளில் வாழைநாருக்குப் பதில் நைலான் நூலில் தொடுக்கிறார்கள். அந்த நூல் தீப்பட்டால் உருகிச் சொட்டும். விளக்குக்கு என்று சொல்லி நாரில் தொடுத்த சரமாகக் கேட்டு வாங்குங்கள்.

எந்த எண்ணெய் நல்லது? விளக்கு ஏன் புகைகிறது?

அன்றாட விளக்குக்கு நல்லெண்ணெயே எல்லா வகையிலும் ஏற்றது. விளக்கெண்ணெய் (ஆமணக்கெண்ணெய்) கெட்டியானது, மெதுவாக எரிந்து நெடுநேரம் நிற்கும். ஆனால் ஆழமான விளக்கில் திரியால் அதை மேலே இழுக்க முடியாமல் சுடர் சுருங்கிவிடும் என்பதால் நல்லெண்ணெயுடன் கலந்து ஊற்றுவது வழக்கம். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழி விடியலில் அதை நம்ப முடியாது. நெய் சிறிய அகலுக்கு மட்டும். மணமூட்டிய தீப எண்ணெயை, மல்லிகை இருக்கும் அறையில் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்வோம். இரண்டு மணமும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும்.

புகைக்குக் காரணம் எண்ணெயைவிடத் திரிதான். திரி தடித்திருந்தாலோ, விளிம்புக்கு வெளியே நீண்டிருந்தாலோ எரிவதைவிட அதிக எண்ணெய் மேலேறி, முழுமையாக எரியாமல் கரியாகும். நகத்தின் நீளம் அளவுக்கு மட்டும் திரி வெளியே தெரிய வேண்டும். புதுத்திரியை எண்ணெயில் முழுவதும் நனைத்தபின் ஏற்ற வேண்டும். நுனியில் சேரும் கரியைத் தூண்டுகுச்சியால் அவ்வப்போது தட்டிவிட வேண்டும். சுடர் ஆடினாலும் கரி வரும் என்பதால், சன்னல் திசையையும் ஒருமுறை பாருங்கள்.

பித்தளை விளக்கை எப்படித் தேய்ப்பது?

முதலில் பழைய எண்ணெய்ப் பிசுக்கை வெந்நீரும் சீயக்காயும் கொண்டு நீக்க வேண்டும். பிசுக்கு இருக்கும்போது புளி வேலை செய்யாது. பின் ஊறவைத்த புளியால் தேய்த்தால் அதிலுள்ள அமிலம் கருமையைக் கரைத்துவிடும். நன்றாகக் கழுவி, உடனே துணியால் ஈரம் இல்லாமல் துடைத்துவிட வேண்டும். புளி தங்கிய மூலைகளில் பச்சைக் களிம்பு ஏறும். திருகும் இடங்களைப் பிரித்துத் துடைக்க மறக்க வேண்டாம்.

வாடகை வீட்டில், சிறிய அடுக்ககத்தில் என்ன செய்யலாம்?

ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து அதை முழுமையாகச் செய்யுங்கள். நுழைந்ததும் தெரியும் ஒரு முக்காலி, அதன் மேல் பித்தளைத் தாம்பாளம், அதில் ஒரு அகல், இரண்டு கைப்பிடி உதிரி மல்லிகை, ஓரத்தில் ஒரு கொத்து மரிக்கொழுந்து. சிறிய வீட்டுக்கு இது நிறைவாக இருக்கும். தாம்பாளம் அழகுக்கு மட்டும் உரியதன்று: எண்ணெய் தரையில் இறங்காமல் தடுப்பதும், ஒளியை மேலே எதிரொளிப்பதும் அதுவே. தரையில் எண்ணெய் சிந்திவிட்டால், துடைக்காமல் அரிசிமாவையோ கடலைமாவையோ தூவி, அது எண்ணெயை உறிஞ்சியபின் வழித்தெடுங்கள். ஆணி அடிக்க அனுமதி இல்லாத வீட்டில் மாவிலைத் தோரணத்தை நிலையின் இருபுறமும் ஒட்டும் கொக்கியில் கட்டலாம். நகரத்தில் மாவிலையே கிடைக்காவிட்டால், நெகிழித் தோரணத்தைவிட வெறும் நிலையே மேல்.

குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் உள்ள வீட்டில் எவற்றைத் தவிர்க்க வேண்டும்?

அரளி எந்த நிறமானாலும் அதன் எல்லாப் பகுதிகளும் நஞ்சு. பூசைக்கு வாங்கினாலும் தவழும் குழந்தை உள்ள வீட்டில் உருளியிலோ தரைக்கோலத்திலோ அதைச் சேர்க்க வேண்டாம். அது ஊறிய தண்ணீரையும் பிராணிகள் குடிக்கக் கூடாது. பூங்கொத்துகளில் வரும் லில்லிப் பூ பூனைகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும், மேலே ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே போதும். பூனை உள்ள வீட்டுக்குள் லில்லி வரவே கூடாது.

சுடரைப் பொறுத்தவரை, சமையலறைத் தரையில் அகல் வைக்காதீர்கள். சிலிண்டரில் வரும் சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படியும். எரியும் எண்ணெய் சிந்தித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஊற்றினால் எரியும் எண்ணெய் தெறித்துப் பரவும். விளக்குத் தட்டை மூடும் அளவுள்ள ஒரு உலோகத் தட்டையும் ஒரு சிறு வாளி மணலையும் பக்கத்தில் வைத்திருந்தால் போதும். அறையில் யாரும் இல்லாதபோதும், உறங்கப் போகும்போதும் விளக்கைக் குளிரச் செய்துவிடுங்கள். பட்டுச்சேலையின் முந்தானையும் துப்பட்டாவும் தரை விளக்குகளுக்கு மிக அருகில் வரும் என்பதால், கூட்டம் கூடும் நிகழ்ச்சியில் விளக்குகள் மேசை உயரத்தில் இருப்பதே பாதுகாப்பானது.

பூவின் மணம் சிலருக்குத் தலைவலி தருகிறதே?

மல்லிகையும் சம்பங்கியும் இரவில்தான் மிகுதியாக மணக்கும். மூடிய, குளிரூட்டிய அறையில் அவற்றை வைக்காமல், காற்று வரும் கூடத்துக்கோ நடைக்கோ மாற்றுங்கள். ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் அறையில் மணமில்லாத கனகாம்பரமும் மின்விளக்கும் போதும்.

முகூர்த்த நாளில் பூ விலை கட்டுக்கு மீறுகிறது. எப்படிச் சமாளிப்பது?

அடுத்தடுத்து முகூர்த்தம் வரும் ஆவணியிலும் தையிலும், ஓணத்தையொட்டிக் கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளைப் பூச்சந்தையிலிருந்து கேரளத்துக்குப் பூ மிகுதியாகப் போகும் நாட்களிலும் விலை ஏறுவது இயல்பு. பனிக்காலத்தில் மல்லிகை வரத்தே குறைந்துவிடும். அந்த நாட்களில் மல்லிகையை விளக்கின் அருகே ஒரு கைப்பிடி மட்டும் வைத்து, பரப்பை நிரப்ப இலைகளை எடுத்துக்கொள்ளுங்கள்: மாவிலை, வெற்றிலை, துளசி, தவனம், தென்னங்குருத்து. மார்கழியில் பூசணிப்பூவும் தையில் ஆவாரம்பூவும் காசில்லாமலே கிடைக்கும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. முழக்கணக்கில் வாங்கும் தொடுத்த பூவைவிட எடைக்கணக்கில் வாங்கும் உதிரிப்பூ மலிவு. உருளிக்கும் தாம்பாளத்துக்கும் உதிரிதான் வேண்டும்.

மறுநாள் வாடிய பூவையும் மீந்த எண்ணெயையும் என்ன செய்வது?

நூலையும் ஜிகினாவையும் பிரித்தெடுத்துவிட்டு, பூவை மண்தொட்டியில் காய்ந்த இலைகளோடு அடுக்கடுக்காகப் போட்டு மட்கவிடலாம். செண்டுமல்லி இதழ்களை நிழலில் உலர்த்திச் சேர்த்து வைத்தால், தண்ணீரில் கொதிக்கவைத்துத் துணிக்கு மஞ்சள் சாயமேற்றப் பயன்படும். அரளியை மட்டும் தனியே ஒதுக்கி, ஆடுமாடு மேயும் இடத்தில் கொட்டாமல் குழி தோண்டிப் புதையுங்கள். மீந்த எண்ணெயைக் கழிவுத் தொட்டியில் ஊற்றினால் குழாயில் படிந்து அடைக்கும். கரி நீக்கித் துணியில் வடிகட்டி அடுத்த நாள் விளக்குக்கே ஊற்றலாம், சிக்கு வாடை வந்துவிட்டால் பழைய துணியில் ஊறவைத்துக் கதவுக் கீல்களுக்கும் மண்வெட்டிக்கும் தடவலாம்.